பத்து மீட்டருக்குப் பூக் கேட்டோம்

எக்ஸ்ரே எடுப்பது என் தொழில். கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரைத்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத ஓர் அறையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், சாரம் சரிந்து விழுந்த கொத்தனார்கள், கிணற்றில் தண்ணீர் வற்றியிருப்பது தெரியாமல் தலைகுப்புறப் பாய்ந்தவர்கள் என்று உயரத்தோடு வம்பு வளர்த்த எல்லோரும் கடைசியில் என் மேசையில்தான் வந்து படுப்பார்கள். கழுத்தெலும்பு எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்பது டாக்டர் வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல் முகத்தை வைத்துக்கொள்ளவும் தெரியும்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ஒரே மகள், மூன்று மாடி உயரத்திலிருந்து தலைகீழாகத் தண்ணீரில் பாய்வதையே தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டாள். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் சதுரங்கம் ஆடுகிறார்கள், கேரம் ஆடுகிறார்கள். கேரம் ஆடி யாரும் என் மேசைக்கு வந்ததில்லை. என் மகளுக்கு மட்டும் டைவிங்.

இதற்கெல்லாம் காரணம் என் வீட்டுக்காரர்தான். அவருக்கு ஊருக்குள் லேத் பட்டறை. தொண்டாமுத்தூர் பக்கம் கொஞ்சம் தோட்டம், தோட்டத்தில் ஒரு கிணறு. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷமே இடுப்பில் பிளாஸ்டிக் கேனைக் கட்டி அவளைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார். கேன் கழன்ற சில மாதங்களிலேயே அவள் மோட்டார் ரூம் மேலிருந்து குதிக்க ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்துக் கிணற்றுக் குதிப்புக்கு ஒரே ஒரு இலக்கணம்தான் உண்டு. தண்ணீர் தெறிக்க வேண்டும். காலை மடக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்து, மேட்டில் நிற்கிறவர்களின் வேட்டி நனையும்படி தண்ணீரை எழுப்புகிறவர்தான் கெட்டிக்காரர். என் வீட்டுக்காரர் அதில் பேர் வாங்கியவர்.

நீச்சல்குளத்தில் ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்டு, மகள் டைவிங் பக்கம் போய், முதல் தடவை மாநில அளவில் கலந்துகொண்டபோது நாங்கள் இருவரும் போயிருந்தோம். அவள் மூன்று மீட்டர் பலகையில் துள்ளி, சுழன்று, விரல் நுனி முதலில் பட இறங்கினாள். குளத்தில் இறங்கிய சுவடே தெரியவில்லை. சுற்றிலும் எல்லோரும் கைதட்டினார்கள். இவர் மட்டும் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அவள் துவட்டிக்கொண்டு வந்ததும், "என்ன கண்ணு, ஒடம்புக்குச் செரியில்லயா? தண்ணியே தெறிக்கலியே" என்றார். பயிற்சியாளர் சிரித்த சிரிப்பில் குளமே அதிர்ந்தது. தண்ணீர் தெறிக்காமல் இறங்குவதற்குத்தான் இந்த விளையாட்டில் மதிப்பெண் என்று அப்புறம் யாரோ அவருக்கு விளக்கினார்கள். தலையாட்டினாரே தவிர, நம்பியதாகத் தெரியவில்லை. அத்தனை உயரத்திலிருந்து விழுந்து ஒரு பொட்டுத் தண்ணீர்கூட எழும்பாவிட்டால் அது என்ன குதிப்பு என்று வீடு வரும்வரை புலம்பிக்கொண்டு வந்தார்.

பிறகு அவள் வடக்கே ஒரு விடுதியில் தங்கிப் பழகப் போனாள். பலகையிலிருந்து மேடைக்கு ஏறினாள். பலகை என்பது வளைந்து மேலே தூக்கிவிடும், மூன்று மீட்டர் உயரம். மேடை என்பது ஆடாத அசையாத கான்கிரீட், பத்து மீட்டர் உயரம். முதல் தடவை அவள் அங்கிருந்து குதித்த வீடியோவை அனுப்பியபோது, நான் அதைப் பார்க்காமலேயே "சூப்பர் கண்ணு" என்று பதில் போட்டேன். இன்றுவரை அதை முழுசாகப் பார்த்ததில்லை.

போன வருஷம், மழைக்காலம் முடிந்த சமயம், வேலையில் இருக்கும்போது பயிற்சியாளர் கூப்பிட்டார். இந்தி கலந்த இங்கிலீஷில் அவர் பேசியதில் 'பேக்' என்ற ஒரு சொல்தான் எனக்குக் கேட்டது. முதுகு.

நடந்தது இதுதான். தண்ணீருக்கு முதுகைக் காட்டி, குதிகால் இரண்டும் வெளியே தொங்க மேடையின் விளிம்பில் நின்று, பின்புறமாகத் துள்ளி, காலை நீட்டிப் பிடித்தபடி இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கும் ஒரு டைவ் அவளுக்கு உண்டு. சுற்றும்போது காலைக் கையால் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். கை ஈரமாக இருந்திருக்கிறது. வழுக்கிவிட்டது. பாதிச் சுற்றில் உடம்பு விரிந்து, எது மேலே எது கீழே என்று தெரியாமல், முதுகு தட்டையாகத் தண்ணீரில் அறைந்திருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீரும் சிமெண்டுத் தரைதான். அவள் இருமி ரத்தம் துப்பினாளாம்.

விமானத்தில் நான் முதன்முதலில் ஏறியது அன்றைக்குத்தான். போய்ச் சேர்ந்ததும் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் படத்தைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். எலும்பு எல்லாம் நேராக இருந்தது. இடது நுரையீரலில் மட்டும் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு மங்கல். ஆறிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓவென்று அழுதேன். இத்தனை வருஷம் மற்றவர்கள் வீட்டுப் படத்தைப் பார்த்து முகத்தைக் கல்லாக வைத்திருந்ததெல்லாம் சேர்த்து வந்த அழுகை அது.

ஆறியது. அவள் மறுபடி குளத்துக்குப் போனாள். பலகையில் பழைய மாதிரி துள்ளினாள். மேடையிலும் ஏறினாள், மற்ற டைவ்களைச் செய்தாள். அந்தப் பின்புற டைவ் மட்டும் வரவில்லை. விளிம்பில் போய் நிற்பாளாம், இறங்கி வந்துவிடுவாளாம். எப்போதாவது ஒருநாள் குதித்துவிடுவாளாம், மறுநாள் மறுபடி நின்றுவிடுவாளாம்.

அந்தச் சமயத்தில்தான் பல நாட்டுப் பிள்ளைகள் கலந்துகொள்ளும் சர்வதேசப் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பலகை, மேடை இரண்டுக்கும் அவளுக்குத் தகுதி இருந்தது. மேடைக்குப் போவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும் என்று பயிற்சியாளர் விட்டுவிட்டார். மேடைப் போட்டிக்குப் போனால் ஐந்து டைவ். அதில் பின்புற டைவும் ஒன்று.

அவள் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் சமையலறையில் நின்றோம்.

"எனக்கு ஏறோணும்னும் இருக்குது, வேண்டாம்னும் இருக்குதுங்கம்மா. யோசிச்சு யோசிச்சு மண்ட காயுது. நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னாச் செரி."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "நாங்க சொன்னா அது எங்க பயமாத்தான் இருக்கும் கண்ணு. சாமிகிட்டப் பூக் கேட்டறலாம்."

"எப்பங்க கேப்பீங்க?"

"வெள்ளிக்கெழமை காலைல. பத்து மணிப் பூசையில."

"செரிங்கப்பா" என்றாள். அவள் எதற்கு நேரத்தைக் கேட்டாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பெண் எடுக்க, கிணறு வெட்ட, கடை திறக்க, எதற்கும் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் சுருட்டிக் கட்டி சாமி காலடியில் வைப்பார்கள். எந்த நிறம் வந்தால் சம்மதம், எது வந்தால் வேண்டாம் என்று கேட்கிறவர்கள் மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். அவ்வளவுதான், தீர்ந்தது. அதே காரியத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது.

இவர் வீட்டாருடைய குலதெய்வக் கோயில் மதுக்கரை தாண்டிப் போக வேண்டும். வண்டியில் போனோம். பூசாரி பொட்டலங்களைக் குலுக்கி வைத்தார், நாங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நான் கும்பிட்ட கும்பிடில் எனக்கே நெஞ்சு வலித்தது. பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

எனக்கு உடம்பிலிருந்த பாரமெல்லாம் இறங்கியது. அப்பாடா, சாமியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இனி மேடை இல்லை. பலகையோடு போகும். இவர் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு சந்தோஷமாக வெளியே வந்தார். பரவாயில்லையே, இவருக்கும் உள்ளூரப் பயம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வரும் வழியில், சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டோரம் ஒரு பேக்கரியில் நிறுத்தினார். டீயும் தேங்காய் பன்னும் வாங்கினார்.

"பாத்தயா அம்மணி, எடுத்தவொடனே வெள்ளை வந்துருச்சு. புள்ளைக்கு இனி ஒரு பயமுமில்ல. தாராளமா ஏறலாம்."

கடித்த பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "என்னுங்க சொல்றீங்க? வெள்ளை வந்தா வேண்டாம்னுதானுங்களே?"

"ஆரு சொன்னா?"

"எங்கூர்ல அப்புடித்தானுங்க. செவப்பு வந்தாத்தான் உத்தரவு. நான் செவப்புன்னுதானுங்க நெனச்சுக் கும்பிட்டேன்."

அவர் டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இது என்ன உங்கூருக் கோயிலா? இங்க வெள்ளைதான் உத்தரவு. இத்தன வருசமா இந்த ஊட்டுல இருக்கற, இதுகூடத் தெரியாதா?"

"கும்பிடறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னுங்க? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"தெரியும்னு நெனச்சேன்."

பேக்கரிக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். எங்கள் கல்யாணத்துக்கே இரண்டு வீட்டாரும் அவரவர் கோயிலில் பூக் கேட்டவர்கள்தான். எங்கள் பக்கம் சிவப்பு வந்தது, இவர்கள் பக்கம் வெள்ளை வந்தது. இரண்டும் சம்மதம் என்று கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். அன்றைக்கே யாராவது இரண்டு பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் என் தலையெழுத்து மாறியிருக்கும்.

"கோயில் வழக்கம் எதுவோ அதுதான் செல்லும்" என்றார் அவர்.

"பெத்தவ என்ன நெனச்சாங்கறது சாமிக்குத் தெரியாதுங்களா?" என்றேன் நான்.

யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியில்லை. மறுபடி கேட்கவும் முடியாது. அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டது என ஒரே போடாகப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சாமி விஷயத்தில் பொய் சொல்லி, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து தயங்கினேன். அதற்குள் இவர் போனைப் பிடுங்கி நடந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சிரித்தாள். விழுந்ததற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "வெள்ளைதான வந்துச்சு? செரி, நான் பாத்துக்கறேனுங்க" என்று வைத்துவிட்டாள். மறுநாள் பயிற்சியாளரிடமிருந்து தகவல் வந்தது. பலகை, மேடை இரண்டிலும் பெயர் கொடுத்திருந்தாள்.

அதற்கப்புறம் போட்டி நாள் வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோறு இறங்கவில்லை. குக்கர் விசில் அடித்தாலே தூக்கிவாரிப்போட்டது. இவர் வெள்ளைப் பூவின் தைரியத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ கண்ணை மூடினால் அந்தப் பொட்டலம் பிரிவதுதான் தெரிந்தது. நான் நினைத்துக் கேட்டதற்குச் சாமி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவளிடம் மறுபடி சொன்னால் மேலே நிற்கும்போது கால் நடுங்கும். சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். சொல்லவில்லை.

போட்டி நடந்த நாட்டில் மதியம் என்றால் நமக்குக் காலை. முதல் நாள் பலகை. அதை ஒரு மாதிரி பார்த்துவிட்டேன். நடுவில் ஓர் இடத்தில் வந்தாள், ஒன்றும் மோசமில்லை. மறுநாள் மேடை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்குப் போய்விட்டேன். பார்க்கவே கூடாது என்றுதான் போனேன். போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, என் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ஓரமாகப் போனைச் சாய்த்து வைத்துவிட்டேன். இவர் பட்டறையில் எந்திரங்களை நிறுத்திவிட்டு வேலைக்காரர்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு சின்னத் திரையில் எல்லாப் பெண்களும் ஒன்றுபோலத்தான் தெரிந்தார்கள். என் மகளைத் துண்டை வைத்து அடையாளம் கண்டுபிடித்தேன். மேலே நின்று உடம்பைத் துடைத்துவிட்டு எல்லோரும் ஒரு சின்னத் துண்டைக் கீழே வீசுவார்கள். மற்றவர்கள் கையில் பளபளவென்று வெளிநாட்டுத் துணி. இவள் கையில் மட்டும் அவள் அப்பாவின் பழைய ஈரிழைத் துண்டில் கிழித்த ஒரு பாதி. தண்ணீரை நன்றாக உறிஞ்சும் என்று அவர் கொடுத்து அனுப்பியது.

ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் எனக்கு ஒரு நோயாளி. ஒருத்தருக்கு முழங்கால், ஒருத்தருக்கு இடுப்பு. படம் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினால் அவள் படி ஏறிக்கொண்டிருப்பாள். முதல் நான்கு டைவும் நல்லபடியாக முடிந்தன. நான்கிலும் அவள் தலை தண்ணீருக்கு மேலே வந்த பிறகுதான் நான் திரையை நேராகப் பார்த்தேன். ஐந்தாவதாகத்தான் அந்தப் பின்புற டைவை வைத்திருந்தாள்.

அடுத்த நோயாளியை உள்ளே விட்டார்கள். தொண்டாமுத்தூர்க்காரர், தோட்டத்துக்குள் யானை வந்து, ஓடும்போது வரப்பில் விழுந்து விலா எலும்பில் அடி. நடுவயது, வெள்ளை வேட்டி. சட்டையைக் கழற்றச் சொல்லி ஸ்டாண்டில் நெஞ்சைப் பதித்து நிறுத்தினேன்.

"நோவுதுங்க அம்மணி."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க, ஆயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வந்தேன்.

திரையில் அவள் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். துண்டைக் கீழே வீசியாகிவிட்டது. முதுகு தண்ணீரைப் பார்த்து, குதிகால் வெளியே, கை இரண்டும் மேலே. கை இறங்கியது. நான் கண்ணை மூடப் போனேன். அவள் குதிக்கவில்லை. ஓர் அடி முன்னால் எடுத்து வைத்து, மேடைக்குள் வந்துவிட்டாள்.

இப்படி நின்றால் மதிப்பெண்ணை வெட்டுவார்கள், இரண்டாவது தடவையும் நின்றால் பூஜ்யம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பூஜ்யம் ஆகட்டுமே. இறங்கி வா கண்ணு, படி வழியாக இறங்கி வா, உனக்கு எந்த மதிப்பெண்ணும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிறகுதான் அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது. துண்டு கீழே கிடக்கிறது. துடைக்க மேலே ஒன்றும் இல்லை. நின்றதில் வியர்த்திருக்கும். போன தடவையும் ஈரக் கைதான்.

அவள் குனிந்தாள். இரண்டு உள்ளங்கையையும் மேடையின் சொரசொரத் தரையில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். எழுந்து விளிம்புக்குப் போனாள்.

"அம்மணி, எடுத்தாச்சுங்களா?" என்றார் அவர்.

நான் இருக்கும் இடம் எது, செய்கிற வேலை எது என்று அப்போதுதான் உறைத்தது. பொத்தானில் கை வைத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "மூச்ச நல்லா இழுங்க. அப்புடியே புடிங்க."

அவர் இழுத்துப் பிடித்தார். திரையில் அவள் கையைத் தூக்கினாள். அத்தோடு படம் நின்றது. கை தூக்கியபடியே அவள் நிற்க, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஈயம் அடித்த சுவர், அந்த அறையில் சிக்னல் எப்போதும் அரைகுறைதான். காலையிலிருந்து ஒழுங்காக வந்தது அந்த நேரம் பார்த்துச் செத்துப்போயிற்று. போனை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வராந்தாவுக்கு ஓடினேன். பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வட்டம் சுற்றியது. கழுத்தெலும்புகள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்தன. இத்தனை வருஷம் நான் எடுத்த படங்கள் எல்லாம் வந்தன. வெள்ளைப் பூ வந்தது.

போன் அடித்தது. இவர். எடுத்துக் காதில் வைத்தால் அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், இவர் அழுகிறார். பட்டறையில் யாரோ கத்துகிறார்கள். எனக்கு உயிர் போய்விட்டது.

"என்னுங்க ஆச்சு? சொல்லித் தொலைங்க!"

"தெறிக்கல" என்றார். "அம்மணி, தெறிக்கல. ஒரு சொட்டுத் தண்ணி தெறிக்கல!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு நசுங்கிய குரல் வந்தது. "அம்மணி... மூச்ச உட்டர்லாமுங்களா?"

பாவம், நான் சொன்னதை மதித்து, அடிபட்ட விலாவோடு அதுவரைக்கும் அவர் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "உடுங்க, உடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி நிறுத்திப் படம் எடுத்தேன். ஒரு விலாவில் மட்டும் மெல்லிய கீறல். நான் எதற்கு அழுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அட, நம்ம பக்கத்துப் புள்ளயா?" என்று வலியை மறந்து சிரித்துவிட்டு, உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அவள் எத்தனையாவதாக வந்தாள் என்று கேட்டால், கடைசியிலிருந்து எண்ணுவது சுலபம். வெட்டிய மதிப்பெண் வேறு. ஆனால் அந்த ஒரு டைவ், இவர் பட்டறையில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. லேத்தில் வேலை கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போக முடியாது. தண்ணீர் தெறிக்காததுதான் இதில் பெருமை என்று அவர்தான் இப்போது எல்லோருக்கும் வகுப்பெடுக்கிறார்.

அன்று சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். இவர் பேசித் தீர்த்து, ஈரிழைத் துண்டு முதல் வெள்ளைப் பூ வரை எல்லாப் பெருமையையும் தனதாக்கிக்கொண்டு, கடைசியில் என்னிடம் போனைக் கொடுத்தார். நான் சமையலறைக்குள் போனேன்.

"எதுக்கு கண்ணு மொதல்ல நின்னுட்ட?"

"ஒண்ணு சொன்னாத் திட்டமாட்டீங்களே?"

"சொல்லு சாமி."

"அன்னிக்கு நீங்க பூக் கேட்ட நேரத்துக்கு நானும் ஹாஸ்டல்ல கண்ண மூடிட்டு நெனச்சேனுங்கம்மா. செவப்பு வந்தா ஏறலாம்னு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"லீவுக்கெல்லாம் உங்க ஊருக் கோயிலுக்குத்தான போவோம்? எனக்குச் செவப்புத்தான தெரியும்."

"அப்ப உனக்கும் வேண்டாம்னுதான் வந்துச்சா?"

"ஆமாங்கம்மா."

"ஏன் கண்ணு சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்ம ரெண்டு பேரும் ஒரு பக்கம் ஆயிருவோம், அப்பா தனியா நிப்பாரு. அப்பறம் என்னைய ஏற உட்டிருப்பீங்களா?"

விட்டிருக்கமாட்டேன். செத்தாலும் விட்டிருக்கமாட்டேன். அவள் விளிம்பில் நின்றபோது என் வயிற்றில் இருந்த அதே பொட்டலம்தான் அவள் வயிற்றிலும் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் நான் மட்டுமே சுமப்பதாக நினைத்து வெந்துகொண்டிருந்தேன்.

"மேல நின்னதும் அந்த நெனப்பு வந்துருச்சு. அதான் உள்ள வந்துட்டேன்."

"அப்பறம் எப்புடிக் குதிச்ச?"

"கை ஈரமா இருந்துச்சு. தரையில தேச்சேன், காஞ்சுது" என்றாள். "கை காஞ்சப்பறம் எதுக்குங்கம்மா நிக்கோணும்?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். இவர் கூடத்தில் உட்கார்ந்து, வருகிற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வெள்ளை அரளியில் ஒரு மாலை வாங்கிச் சாத்திவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மணி, இன்னுமா அழுவற?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "நல்ல பெரிய மாலையாவே வாங்கீர்லாமுங்க."